கங்காணியைக் கண்மணி ஆக்கிய பாட்டு

போன மாதம் ஆழ்வார்குறிச்சியில் நண்பரின் மகளுக்கு வளைகாப்பு. கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி முடித்ததும் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். 'மழை கூடுது கண்மணி' என்று தொடங்குமே, அதுதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் போனில் அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது. 'பூத்து நிப்பே கண்மணி' என்ற இடம் வந்ததும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் புளியோதரையை மென்றபடி, "எவ்வளவு மங்களகரமான பாட்டு, பாத்தீரா வே?" என்றார். வந்த கோபத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பசி கோபத்தைவிடப் பெரிது போலிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் நானே எடுத்துக்கொண்டேன்.

மங்களகரமாம்! அது பச்சை வசவு. என் சித்தி ஒருத்தனைப் பார்த்து வைத வசவு.

புளிச்சோற்று வாசனை வந்தால் எனக்கு எப்போதும் மலை ஞாபகம்தான். பாபநாசத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மாவும் அவள் தங்கையான சித்தியும் கொழுந்து பறித்தார்கள். தூக்குவாளியில் புளிச்சோறு, இடுப்பில் மழைக்குக் கட்டிய சாக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு வாடை வரும், அதுதான் எனக்கு அம்மா வாடை. கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளைக் கீழே கொட்டகையில் விட்டுவிட்டுச் சரிவில் ஏற வேண்டும். இடையில் பால் கொடுக்க இறங்குவதென்றால் கங்காணி மனசு வைக்க வேண்டும். கங்காணி என்றால் மேற்பார்வை பார்க்கிறவன் என்று அகராதியில் இருக்கும். குடைக்குள் நின்றுகொண்டு நனைகிறவளை விரட்டுகிறவன் என்பது எங்கள் அகராதி.

ஒருநாள் நல்ல மழை. கொட்டகையில் சித்தியின் பிள்ளை வீறிட்டு அழுவது மேலே வரை கேட்டிருக்கிறது. போய்விட்டு வரட்டுமா என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறாள். "வரிசைய முடிச்சிட்டுப் போ" என்றானாம். சித்தி செடியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பாடினாள்:

மழை கூடுது கங்காணி
மாருல பால் கட்டுது கங்காணி
பிள்ளை அழுவுது போக விடு – நீ
புழுத்துப் போவே கங்காணி

பக்கத்தில் நின்றவள் வாங்கிப் பாடினாள், அவளிடமிருந்து அடுத்தவள். எந்த வாயைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "மாருச்சேல நனைஞ்சத மழைன்னு நெனச்சாம்லே, பாவி" என்று சித்தி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். இதுதான் பாட்டின் அர்த்தம். இதற்கு மேல் எந்தத் தத்துவமும் அதில் கிடையாது.

அப்புறம் எஸ்டேட் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கீழேயிருந்து கச்சேரிக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து இந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கூச்சல். பாடகருக்கும் பாட்டுத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தவர், முன்வரிசையில் மாலையும் துண்டுமாகக் கங்காணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், கங்காணி கண்மணி ஆனான். பால் கட்டுவது பால் நிலா ஆனது. புழுத்துப் போவது பூத்து நிற்பது ஆனது. கங்காணி தொடையில் தாளம் போட்டு ரசித்தான். சித்தி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒரு கோழையின் வாய்க்குள் போய் வெளியே வந்த பாட்டைத்தான் இன்றைக்கு ஊரே பாடிக்கொண்டிருக்கிறது.

பிழைப்புக்காக நான் மலையை விட்டு இறங்கி, திருநெல்வேலி ஜங்ஷனில் கேசட் கடையில் பாட்டுப் பதிந்து கொடுத்தேன். பாட்டு அங்கேயும் வந்து சேர்ந்தது. கரகாட்டத்துக்கு ஓட்டமாக ஒன்று, கல்யாணத்துக்கு நாதஸ்வரத்தில் ஒன்று, மணியடித்துப் பக்திப் பாட்டாகக்கூட ஒன்று. எதிலும் கங்காணி கிடையாது. நான் விடாமல் விளக்கம் சொல்லுவேன். "பாட்டப் பதியும் வே, கதை கேக்கவா வந்தோம்?" என்பார்கள். முதலாளியும் அவர்கள் கட்சிதான்.

இப்போது ஒரு பையன் தாமிரபரணிப் படித்துறையில் கிட்டாரோடு உட்கார்ந்து பாடி இணையத்தில் போட்டிருக்கிறான். கீழே 'பாரம்பரியக் காதல் பாடல், இயற்றியவர் தெரியவில்லை' என்று ஒரு குறிப்பு. தெரியவில்லையாம்! முழு வரலாற்றையும் கட்டைவிரல் வலிக்க எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: 'சூப்பர் அண்ணாச்சி. ஆனா கங்காணின்னா இப்பம் யாருக்குத் தெரியும்? பால் கட்டுதுன்னா கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.' ஒரு மாதிரி இருக்கிறதா? பால் கட்டினால் எப்படி இருக்கும் என்று அவன் அம்மாவிடம் போய்க் கேட்கட்டும்.

அந்த வளைகாப்பு வீட்டிலிருந்து நேராகச் சித்தியிடம் போனேன். எஸ்டேட்டை மூடி ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, அடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டில் மகனோடு இருக்கிறாள். கொட்டகையில் அழுதானே, அவனேதான். வேன் ஓட்டுகிறான். வரிசையில் நின்று பாடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் எந்த ஊரில் இருக்கிறார்களோ. இனி சித்தி வாயால் பதிந்தால்தான் உண்டு. போனை அவள் முன்னால் வைத்து, "ஓம் பாட்ட நீயே பாடு சித்தி. ஊரு கேக்கட்டும்" என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது.

"மழை கூடுது கண்மணி..."

"கங்காணில்லா சித்தி?"

"அதத்தானலே பாடுதேன்."

மறுபடி பாடினாள். மறுபடியும் கண்மணி. பேத்தி போனிலும் மகன் வேனிலும் பக்கத்து வீட்டு டிவியிலும் பொழுதன்றைக்கும் அதையே கேட்டுக் கேட்டு, நாக்கு அதற்குப் பழகிவிட்டது. நான் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தேன். கங்காணி என்றாள், பால் கட்டுது என்றாள், புழுத்துப் போவே என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"அத அணைச்சிருலே" என்றாள். பிறகு பைய என் பக்கம் திரும்பினாள்.

"அவன் மூஞ்சி அப்படியே கண்ணுல நிக்குதுலே. வசவுதான் வாயில வர மாட்டேங்கு."