இரண்டாவது ஆளின் விசைகள்

எதுவுமே மாறாதது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். என் சித்தப்பாவுக்குக் கொடுக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் புதிய இயந்திரங்களில் ஓட வைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. யாரோ எப்போதோ எழுதிப் போட்ட நிரலைப் பிரித்து, தூசி தட்டி, அடுக்கி, வெளியிலிருந்து பார்த்தால் பழையபடியே இருக்கிற மாதிரி வைத்துவிட வேண்டும். என் அறையில் அம்மா செய்வதும் இதேதான். அவளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, நானும் சேர்த்து.

சித்தப்பா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். ஒரு மேசை, ஒரு விசைப்பலகை, இரண்டு நாற்காலி. வலது பக்க நாற்காலி அவருக்கு. இடது பக்க நாற்காலியில் துணிமலை. துவைத்ததும் துவைக்காததும் அதில் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தும். பேச்சுக்கு அவரிடம் இருப்பது "ம்" ஒன்றுதான். ஆமாம் என்பதற்கு ஒரு ம், இல்லை என்பதற்கு ஒரு ம், கிளம்புடா என்பதற்குக் கொஞ்சம் நீளமாக ஒரு ம்.

அந்த இடது நாற்காலி சித்தியுடையது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். முதலில் வாராவாரம் வந்தாள், பிறகு எப்போதாவது, பிறகு போனில் மட்டும். இப்போது போனும் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு இதுதான் பெரிய குறை.

"ஒரு சண்டை கூட இல்லையேடா. சண்டை போட்டிருந்தாலாவது நடுவுல போய் நின்னு சமாதானம் பண்ணலாம். இதுல நான் எங்க போய் நிக்கிறது?"

கல்யாணமான புதிதில் அவர்கள் சினிமாவுக்கெல்லாம் அதிகம் போனதில்லை. ஒரே விசைப்பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடுவார்கள். முதல் ஆளுக்கு வலது ஓரத்து அம்புக்குறி விசைகள், அது சித்தப்பா. இரண்டாவது ஆளுக்கு இடது பக்க எழுத்து விசைகள், அது சித்தி. உடைந்த பாலம் ஒன்று வரும். இரண்டு பேரும் தாண்ட வேண்டும். சித்தப்பா தாண்டிவிடுவார், சித்தி குழிக்குள் போவாள்.

"நான் அழுத்தினேன்!" என்பாள் சித்தி.

"எங்க அழுத்தின? நீ அழுத்தறதுக்குள்ள பாலத்தையே ரிப்பேர் பண்ணிடுவாங்க."

விருந்தாளிகள் இருந்தால் இன்னும் குஷி. சித்திக்கு ஆமை என்று பெயர் வைத்தார். குடும்பமே சிரித்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. சித்தியும் கூடவே சிரித்துவைப்பாள். போகப்போகப் பாலத்தைத் தாண்டவும் செய்தாள். தான் கொடுத்த பயிற்சிதான் காரணம் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் கம்பெனி அவர் கையில் கொடுத்தது அதே ஆட்டம்.

அதன் பழைய நிரலில் தனிக் கடிகாரமே கிடையாது. திரையில் ஒரு படம் வரைந்தால் ஆள் ஓரடி நகர்வான், அவ்வளவுதான் கணக்கு. இயந்திரங்கள் மூச்சு வாங்கி வரைந்த காலத்தில் அது சரியாக இருந்தது. இன்றைய இயந்திரத்தில் ஓட்டினால் கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி ஆள் பறப்பான். சித்தப்பா ஆட்டத்துக்கு என்று ஒரு கடிகாரம் வைத்தார். என் சாக்ஸ் மாதிரி மூலைக்கு மூலை கிடந்த விசை படிக்கும் வரிகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தார். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் எல்லா விசைகளையும் படி, பிறகு ஆட்களை நகர்த்து, பிறகு படம் வரை. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

சரியாகச் செய்தோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்த ஆட்டத்தில் விளையாடியதைப் பதிந்து வைக்கலாம். அது வீடியோ அல்ல. எந்தத் துடிப்பில் எந்த விசை அழுந்தியது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். நிரல் அந்த விசைகளை வாங்கி ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டும். புது நிரலிலும் பழைய பதிவு கடைசிவரை பிசகாமல் ஓடினால் வேலை சுத்தம். கம்பெனி கொடுத்த பதிவுகள் எல்லாம் ஒற்றை ஆள் ஆடியவை. எல்லாம் ஓடின. இரண்டு பேர் ஆடிய பதிவு சித்தப்பாவிடம் மட்டும்தான் இருந்தது, அவரும் சித்தியும் அந்தக் காலத்தில் ஆடியது.

அதைப் போட்டார். பாலம் வந்தது. முதல் ஆள் தாண்டினான். இரண்டாவது ஆள் அவசரமாகக் குதித்துக் குழிக்குள் விழுந்தாள். அதற்குப் பிறகும் சித்தியின் பழைய விசைகள் வந்துகொண்டே இருந்தன. திரையில்தான் ஆள் இல்லை.

அந்த வாரம் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பா நான் வைத்த இடத்திலேயே இருந்தது. தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார் சித்தப்பா. புது நிரலில் அகப்படவில்லை. கடைசியில் பழைய நிரலை வரிவரியாகப் படித்தபோது அகப்பட்டது. அதில் முதல் ஆளின் விசைகளைப் படித்ததும் இரண்டு ஆட்களையும் நகர்த்திவிடுகிறார்கள். இரண்டாவது ஆளின் விசைகளைப் படிப்பது அதற்குப் பிறகு. அவள் எப்போது அழுத்தினாலும் அடுத்த துடிப்பில்தான் செல்லும். நிரலை எழுதியவனும் வலது நாற்காலிக்காரன் போலிருக்கிறது.

சித்தப்பா வாயிலிருந்து அன்றைக்குத்தான் நீளமான வாக்கியம் வந்தது.

"அவ கை மெதுவே இல்லடா. ஆட்டம்தான் அவளை லேட்டா கேட்டிருக்கு. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே அழுத்தியிருக்கா. இப்ப நான் சரி பண்ணதும், முன்கூட்டி அழுத்தினது குழில தள்ளுது."

"சித்திகிட்ட சொல்லுங்க."

"ம்," என்றார். இது எந்த ம் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் டீம் லீடருக்குத்தான் போன் போட்டார். எப்போதும்போல ஸ்பீக்கரில்.

"பழைய மாதிரியே விட்டுடுங்க சார். ஏதாவது மாறினா பழைய ஆட்டக்காரங்க மோப்பம் பிடிச்சுச் சண்டைக்கு வந்துடுவாங்க," என்றாள் அந்த அம்மாள்.

"நீங்க யாராவது ரெண்டாவது ஆளா ஆடிப் பார்த்தீங்களா மேடம்?"

"இல்ல. சரி, மாத்துங்க," என்றாள்.

பழையபடி விட்டிருந்தால் சித்தி ஆடிப் பதிவான அந்த ஒரே ஆட்டம் புது இயந்திரத்திலும் பாலத்தைத் தாண்டியிருக்கும். சித்தப்பா தெரிந்துதான் மாற்றினார். பழைய வரிசையில் விசை படிக்கும் நிரலையும், புதுக் கடிகாரத்தோடு, அழிக்காமல் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சித்தியின் எண்ணை அழுத்தினார். ரொம்ப நேரம் அடித்தது.

"சொல்லுங்க. உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ம். அந்தப் பாலம்... நீ சரியாத்தான் அழுத்தியிருக்க."

"எந்தப் பாலம்?"

சொன்னார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சித்தி நடுவில் குறுக்கிடவே இல்லை.

"இதை எனக்கு இப்பவா சொல்றீங்க?" என்றாள் முடிவில். "எனக்கு அப்பவே தெரியுமே. அதனாலதானே முன்னாடியே அழுத்தப் பழகினேன்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். சிரிச்சீங்க."

சித்தப்பா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"இப்ப சரி பண்ணிட்டேன். ஒரு தடவை வந்து ஆடிப் பாரேன்."

"வந்தாலும் என் கை பழையபடிதான் அழுத்தும். பழகிப்போச்சு." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று ஸ்பீக்கரில் தெரியவில்லை. "எனக்கு வேலை இருக்கு. வெக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அடுத்த வாரம் நான் டப்பாவோடு போனபோது கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. துணிமலை கட்டிலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. சித்தப்பா இடது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தப் பழைய வரிசை நிரல், உடைந்த பாலம். எழுத்து விசைகளில் விரல்களை வைத்துக்கொண்டு, இரண்டாவது ஆளை ஓடவிட்டுக் குழிக்குள் விழுந்தார். மறுபடி ஓடினார், மறுபடி விழுந்தார். பக்கத்தில் முதல் ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

என் வாய் சும்மா இருக்குமா? "என்ன சித்தப்பா, நீங்களும் ஆமையாயிட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை.

"அழுத்தினேன்டா," என்றார்.

டப்பாவை வைத்துவிட்டு வலது நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்புக்குறி விசையைத் தட்டி முதல் ஆளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு முறை ஓடி வந்தார்.