ஒரே பெஞ்சில் எதிர்க்கட்சி

போன வாரம் ஒரு காலையில் வில்சன் போனில் அழைத்து, "அண்ணே, அக்கா போயிட்டா" என்றார். எந்த அக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் வாயில் அந்தச் சொல் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பிறகுதான் விளங்கியது. கமலாபாய் போய்விட்டார்.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாறசாலை சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவர். தேர்தல் நாளில் அவருடைய கட்சிக்கு பூத் ஏஜென்ட், எதிர்க்கட்சிக்கு நான். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் ஏழு தேர்தல்களுக்கு அருகருகே உட்கார்ந்திருக்கிறோம். துணி வெட்டும்போது வைக்கும் மர ஸ்கேலைக் கொண்டுவந்து, வாக்காளர் பட்டியலில் வரிக்குக் கீழே வைத்து, பெயர் பெயராகக் கோடு போடுவார். நான் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த வருஷம் என் பட்டியலுக்கும் அவர்தான் கோடு போட்டார். எங்கள் கட்சிக்காரர்கள் இனி இதற்காக என்னை விலக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் பங்கு வைத்தபடி உலகத்துத் தேர்தல்களையெல்லாம் அலசுவார். "ஒரு நாட்டுல தோத்தவன் ஒத்துக்க மாட்டேங்கான். இன்னொரு நாட்டுல ஜெயிச்சவன் இனி எலெக்‌ஷனே வேண்டாங்கான். ரெண்டு கட்சிக்காரன் ஒரு பெஞ்சுல இருக்க முடியாத எடத்துல வோட்டு என்னத்துக்கு அண்ணே?" என்பார். இவ்வளவு பேசியவர், வீட்டில் என்ன குழம்பு என்று ஒருவரிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில் அவருடைய தம்பி வில்சன் வரிசையில் வந்து நின்றார். அவர் குடியிருப்பது மாநில எல்லைக்கு அப்புறம் களியக்காவிளையில். அங்கே வோட்டு உண்டு. இங்குள்ள பழைய பெயரும் நீக்காமல் கிடந்தது. நம் பக்கத்தில் இது புதிதல்ல. கமலாபாய் எழுந்து வாசலுக்குப் போனார்.

"எலே வில்சா, ஒனக்கு அங்க வோட்டு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வோட்டாக்கும். வீட்டுக்குப் போ மக்கா."

ஊரே பார்க்க, தம்பி முகம் கறுத்துத் திரும்பிப் போனார்.

அரைமணி நேரத்தில் என் மகன் வந்தான். அவன் வீடு மார்த்தாண்டத்தில். அவனுக்கும் அங்கே வோட்டு உண்டு. கமலாபாய் அவன் பெயருக்குக் கீழே ஸ்கேலை வைத்து என்னைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை. அவன் வோட்டுப் போட்டுவிட்டுப் போனான்.

எண்ணியபோது இரு வேட்பாளருக்கும் சமம். சீட்டுக் குலுக்கியதில் எங்கள் ஆள் ஜெயித்தார். அவருக்கு முதலில் கைகொடுத்தது கமலாபாய்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்க மவன் வந்தப்ப நீ ஏன் மிண்டாம இருந்த, கமலம்?" என்று கேட்டேன்.

"எனக்க ஆள நான் நிறுத்தினேன். ஒங்களுக்க ஆள நீங்களாக்கும் நிறுத்தணும். நான் வாய் தொறந்தா அது கட்சிச் சண்டை" என்றார்.

வில்சன் அன்று நிறுத்திய பேச்சை அக்கா சாகும்வரை தொடங்கவில்லை. உன் அக்கா செய்ததுதான் சரி, தப்பு என்னுடையது என்று நான் ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"செத்தவரு பேரு லிஸ்டுல கெடந்தா, அவரு எழும்பி வந்து வோட்டுப் போட்டுட்டுப் போவாரு" என்பது கமலாபாய் வழக்கமாகச் சொல்வது. அதனால் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வில்சனும் நானும் எங்கள் பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் அங்கன்வாடி டீச்சரிடம் போனோம். பெயர் நீக்கும் படிவத்தில் 'காரணம்' என்ற இடம் வந்ததும் வில்சன் பேனாவை என்னிடம் தந்துவிட்டார். நான் எழுதினேன்.

கடையிலிருந்து எடுத்து வந்திருந்த ஸ்கேலையும் வில்சன் என்னிடம் தந்தார். என் பட்டியலில் கமலாபாய் பெயருக்கு மேல் அதை வைத்துக் கோடு போட்டேன். பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருக்கும். நாலு வரி தள்ளி என் வீடு; அதில் மகன் பெயர் இன்னும் கிடந்தது. டீச்சரிடம் இன்னொரு படிவம் கேட்டேன்.

மகன் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. கமலாபாயின் ஸ்கேல் என் மேசையில் இருக்கிறது.