பெருவிரல் எந்தப் பக்கம்

குமரகுருவுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. காலையிலிருந்து குனிந்தே குழாய் மாட்டினால் வேறென்ன ஆகும்? இது கட்டுக்கதை இல்லை. பேய் என்றாலே காறித் துப்புகிற ஆள் அவன். அவன் வாயால் சொன்னதுதான் இது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்கேன் சென்டர். ஞாயிறு மதியம் கூட்டம் இருக்காது என்று ஆராய்ச்சிக்கு இரண்டு மணி நேரம் விடுவார்கள். கால் போனவர்களுக்கு இல்லாத காலில் வலி வரும். அந்த நேரம் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று படம் பிடிக்க வேண்டும். ஸ்கேன் அறைக்குள் துளி இரும்பு போகக் கூடாது, காந்தம் பிடுங்கிக்கொள்ளும். லேத் பட்டறையில் போர்வெல் ரிக் சாமான் கடைந்து வளர்ந்த குமரகுரு, முழுக்க பிளாஸ்டிக்கிலேயே ஒரு கருவி செய்திருந்தான். வெளியே கம்ப்ரசர். சுவர் ஓட்டை வழியாகக் காற்றுக்குழாய். உள்ளே, வெட்டியது போக மிச்சமிருக்கும் காலைத் தட்டச் சின்னதாய் ஒரு சுத்தியல். மூன்று தடவை சொதப்பிவிட்டது. “இன்னைக்கும் சரியா வரலேன்னா இதோட மூடிடலாம்” என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அபிநயா சொல்லிவிட்டார். ஐந்து மாச உழைப்பு.

படுத்திருந்தவர் காளியப்பன். மூன்று வருசத்துக்கு முன், ரிக் லாரியில் போகும்போது பஸ் மோதி வலது கால் போனவர்.

2.10. டக்... டக்... தட்டியது. படம் ஓடி நின்றதும் மைக்கில் கேட்டான்.

“அண்ணா, தட்டுறது எங்க தெரியுது?”

“பெருவிரல்ல தம்பி. வெளிப்பக்கம்.”

“வலது காலுக்குப் பெருவிரல் உள்பக்கமுங்க.”

“அது எனக்குத் தெரியாதா? வெளிப்பக்கந்தான் இருக்குது.”

போச்சு. இந்தப் பதிலை வைத்து என்ன செய்ய? சுத்தியலை நகர்த்தி வைத்தான். 2.25. அதே பதில். 2.40. அதே பதில்.

“எப்பவுமே இப்பிடித்தானா?”

“மூணு வருசமா. சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லல.”

2.47. கடுப்பில் கம்ப்ரசரை அணைத்தான். காற்று இறங்கியது. முள் பூஜ்யத்தில் நின்றது.

டக்...

டக்...

“தம்பி, மெதுவாத் தட்டுங்க. வலிக்குது.”

“நான் தட்டலீங்க.”

கண்ணாடி வழியே பார்த்தான். வலது பக்கம், முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை.

ஒரு பாதம். ஐந்து விரல் மேடு.

பெரிய மேடு, வெளிப்பக்கம்.

அது... அசைந்தது.

உள்ளே ஓடினான். போர்வை தட்டை. கை வைத்தான்.

சூடு.

வெளியே காளியப்பனின் மனைவி ஆராயி காத்திருந்தாள். போர்வையைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பெருவிரல் சங்கதியை மட்டும் எரிச்சலோடு சொன்னான்.

“உங்க ஊட்டுக்காரரு என் பொழப்பைக் கெடுத்துட்டாருங்கக்கா.”

அவள் சிரிக்கவில்லை.

“வெட்டின காலை ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க. பொதைக்கோணுமில்ல? ஒருத்தரும் தொட வரல. நானேதான் காட்டோரம் குழி வெட்டுனேன். எறக்கறப்போ துணி வெலகிருச்சு...”

“சொல்லுங்க.”

“அது எடது காலுங்க.”

அன்றைக்கு மோதிய பஸ்ஸில் வந்த ஒருவனுக்கும் அதே ஆஸ்பத்திரியில் இடது கால் எடுத்திருக்கிறார்கள்; துணி மூட்டை மாறிவிட்டது. யார், எந்த ஊர், தெரியாது. திருப்பிக் கொண்டுபோகப் பயந்து, அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். புருசனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அபிநயா கருவியை மூட்டைகட்டச் சொல்லிவிட்டார். அது போகட்டும். முகம் தெரியாத அந்த மனிதனுக்கு ஆராயி ஒரு இடது கால் தர வேண்டும். இன்னும் தரவில்லை.