மாமா அறிந்த ஆற்றங்கரை ஊர்

எழுபதுகளில் ரொறன்ரோவில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை. தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, அப்பாவின் முகத்தைக் கண்டதும் எப்படியோ நிரம்பிவிடும். இருந்த இடத்தையோ மாதக் கடைசிக்குள் விட்டாக வேண்டும். அலைந்து களைத்து, நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் மேல்மாடியைப் பார்க்கப் போனோம். எனக்கு அப்போது ஏழு வயது. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருந்த மாமாவும் கூட வந்தார்.

கிழவி எங்களை வாசலிலேயே நிற்கவைத்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அந்த யோசனை எங்கே போய் முடியும் என்று அம்மாவுக்குத் தெரியும். என் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கிவிட்டார்.

மாமா மட்டும் நகரவில்லை. உள்ளே சுவரில் தொங்கிய ஓர் ஆற்றங்கரைப் படத்தைப் பார்த்து, ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். கிழவி திடுக்கிட்டாள். அவள் பிறந்த ஊராம் அது.

பிறகென்ன, பிடித்தார் பாருங்கள் மாமா! பாலம் வருமுன் ஓடம் விட்ட துறை, துறவிகள் கட்டிய தண்ணீர் ஆலை, சதுரக் கோபுரம் வைத்த தேவாலயம். ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் ஏறியது என்று அதன் சுவரில் கோடு வெட்டியிருக்கிறார்களாம். ஒருமுறை ஊர்ச் சனம் முழுவதும் ஆடுமாடுகளோடு அந்தக் கோயிலுக்குள் ஏறிக் குடியிருந்ததாம். தெருத்தெருவாகப் போய், எந்த வாசல் படலை பச்சை, எந்த வீட்டு நாய் பொல்லாதது என்பதுவரை சொன்னார். அப்பாடா, என்ன ஞாபகம்! கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டாள். தேத்தண்ணீரும் தந்தாள், மேல்மாடிக் கதவின் திறப்பும் தந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்: "தம்பி, நீ இல்லையெண்டால் நாங்கள் றோட்டிலதான்."

எனக்கோ பெருமை தாங்கவில்லை. "மாமா, அங்கை எந்த வீட்டில இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்டிலையும் இல்லையடா. படிக்கேக்கை அறை தேடி அந்த ஊர் முழுக்கக் கதவு தட்டினன். மழை வந்திட்டுது, அந்தச் சதுரக் கோபுரக் கோயிலுக்குள்ள ஒதுங்கினன். அங்கை எழுதி வைச்சிருந்த எல்லாம் வாசிச்சு முடியத்தான் மழை விட்டது. ஆனால் நல்ல வடிவான ஊர்."

மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் ஓர் அழகான ஊர் இருக்கிறது, அங்கே எங்கள் மாமா படியேறாத வீடே இல்லை.