பஞ்சாட்சரம் குருக்களின் துப்பாக்கிக்கு இரண்டு கால்

பஞ்சாட்சரம் குருக்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்றால் திருவண்ணாமலையில் யாரும் நம்ப மாட்டார்கள், அவர் தெருக்காரர்களைத் தவிர. காற்றழுத்தத்தில் சின்னக் குண்டைத் தள்ளும் ஏர்கன்தான். மொட்டை மாடியில் காயவைத்த வடாமைக் குரங்குகள் மூன்று வருஷம் விடாமல் தின்று தீர்த்த பிறகு வாங்கினார். சத்தம் கேட்டாலே ஓடிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முதல் சத்தத்துக்குக் குரங்குகள் ஓடவில்லை. என்ன விசேஷம் என்று பார்க்க இன்னும் இரண்டு வந்தன. அவற்றின் மேலேயே சுடலாம் என்றால் அது ஆஞ்சநேயர் சமாசாரம். ஆகவே வடாம் வீட்டுக்குள் வந்தது, துப்பாக்கி கொல்லைக்குப் போனது.

காகிதத்தைச் சுடும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. பகலில் கோயில் நடை சாத்தி, சாப்பிட்டு, ஊரே கண்ணயரும் நேரத்தில் கொல்லையில் பாய் போட்டு உட்கார்ந்து பத்துக் குண்டு சுடுவார். முப்பது அடி தள்ளி மண்மூட்டை. அதன்மேல் குறி அட்டை. குருக்கள் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? வருஷத்துக்கு இருநூறு கல்யாணப் பத்திரிகை வருகிறது. பின்பக்கத்தில் குங்குமச் சிமிழ் மூடியை வைத்து வட்டம் போட்டுக்கொள்வார். பிள்ளையார் படம் இருக்கும் பகுதியை மட்டும் மறக்காமல் கத்தரித்து எடுத்துவிடுவார். இதுவரை ஒரு சாமியின் மேலும் குண்டு பட்டதில்லை.

முன்பெல்லாம் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். இந்தச் சித்திரையிலிருந்து அடங்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெண் வீட்டார் பக்கம் நாலு ஓட்டை, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் மூன்று, மிச்சம் மண்டபத்துக்கு வழி சொல்லும் இடத்தில். குண்டு சரியில்லை என்றார். மலைக்காற்று என்றார். பிறகு துப்பாக்கியின் மேலேயே பழியைப் போட்டார். அந்த நாட்களில் அவருக்கு எதிலும் திருப்தி இல்லை. காபிகூட முக்கால் டம்ளர்தான் வந்தது. பால் விலை ஏறியதால் மனைவி அபீதகுஜாம்பாள் சிக்கனம் பிடிக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்.

உள்ளே இருந்த பயம் வேறு. ஆவணி பிறந்தால் கோயிலில் பூஜை அவர் முறை. இடது கையில் மணி, வலது கையில் எண்ணெய் ததும்பும் அடுக்கு தீபம், இப்படித்தான் முப்பத்திரண்டு வருஷமாக ஆரத்தி எடுத்துவருகிறார். போன பிரதோஷத்தன்று, முறைக்காரருக்கு ஒத்தாசையாக ஆரத்தி எடுத்தபோது, அந்த வலது கை ஆடியது. அதைப் பார்த்துவிட்ட சித்தப்பா பிள்ளை சிவகணேஷ் அக்கறையாகத்தான் கேட்டான்: "அண்ணா, இந்த முறைக்கு வேணும்னா தீபத்த நான் எடுத்துக்கட்டுமா?" அக்கறையாகக் கேட்டதுதான் குருக்களுக்குப் பொறுக்கவில்லை. கோளாறு துப்பாக்கியில்தான் என்று தெரிந்துவிட்டால் போதும், கையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கால் ஸ்டாண்டு. பைபாட் என்று பெயர், அதையும் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதில் துப்பாக்கியை வைத்துச் சுட்டால் கைக்கு வேலையே இல்லை. அப்போதும் குண்டு சிதறினால் குற்றவாளி துப்பாக்கி.

கீழ்பென்னாத்தூர் சாலையில் முருகவேல் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறார். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தார்ப்பாய், கடலைக் கொல்லையில் பறவை விரட்ட நாலைந்து ஏர்கன். குருக்களுக்குத் துப்பாக்கி விற்றவரும் அவரே. முதலில் போட்டோ எடுக்கிறவர்கள் வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல ஒரு கால் ஜாஸ்தியா இருக்குது சாமி. நீங்க எதுக்குக் கம்மியா கேக்கறீங்க?"

"மூணாவது கால் என் தோள்தாம்ப்பா."

முருகவேல் யோசித்துவிட்டு உள்ளே போய், சரியான சரக்காக மூன்று எடுத்து வந்தார். குத்துவிளக்கு வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் குருக்கள் பார்த்தார். தரையில் நிறுத்தி, தலையில் ஒரு விரலால் அழுத்தினார். முதலாவது பிளாஸ்டிக். அழுத்தியதும் கால்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதில் பொத்தானை அமுக்கினால் ஐந்து உயரம், தலை வேறு இடமும் வலமும் சாய்ந்தது. அதன் விலையில் பாதித் துப்பாக்கி வாங்கலாம். துப்பாக்கியை விட ஸ்டாண்டு பெரிய மனுஷனாக இருக்கக் கூடாது என்று அதைத் தள்ளிவைத்தார். நடுவில் இருந்தது அலுமினியம். காலடியில் ரப்பர், மடக்க ஸ்பிரிங், விலையும் கைக்கு அடக்கம். அழுத்தினார், அசையவில்லை. குழலில் மாட்டாமல் அடிக்கட்டையில் திருகி மாட்டச் சொன்னார் முருகவேல். ஏர்கன் உதைக்கும், அதனால் கால்களுக்கு அடியில் துணியை மடித்துப் போடவும் சொன்னார். ஒரே சிக்கல், கால் குட்டை. படுத்துக்கொண்டுதான் சுட வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒட்டிய வயிறு யாருக்கு இருக்கிறது? படுத்தால் சரிப்படுமா என்று பார்த்துவிடலாம் என்று, விற்பனைக்கு விரித்திருந்த தார்ப்பாயில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உயரம் பார்த்தார். மேற்கே பார்த்த கடை. வாசலுக்கு நேரே அண்ணாமலை நின்றது. மலைக்கு நேராக ஒரு குருக்கள் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஸ்பிரேயருக்கு மூடி வாங்க வந்திருந்த பச்சையம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் விழுந்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பின்னால் விழுந்தார்கள். பைபாட் விற்றுக்கொண்டிருந்த முருகவேலே, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உயரம் பார்த்தேன் என்று எழுந்து சொல்லும் தைரியம் குருக்களுக்கு இல்லை. ஒரு கண்ணோடு சேர்த்து மற்றதையும் மூடிக்கொண்டு, மரியாதைக்குரிய நேரம் கிடந்துவிட்டு எழுந்தார். மடியிலிருந்த விபூதியை எல்லோருக்கும் கொடுத்தார்.

வாங்கிப் பூசிக்கொண்ட பச்சையம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "பிரதோஷத்துக்கு வந்திருந்தேன் சாமி. உங்க கையில தீபம் ஆடுச்சே, ஆத்தாளே எறங்கி வந்து ஆடுன மாதிரி இருந்துச்சி. எங்க ஊர் பூரா சொல்லிட்டேன்."

ஊர் பூராவா! குருக்கள் பேரம் பேசாமல் நடு ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

அன்று மத்தியானமே சோதனை. ஸ்டாண்டை மாட்டி, பழைய வேட்டியை மடித்து அடியில் போட்டு, பாயில் படுத்தார். மதில்மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்தன. பத்துக் குண்டு. எழுந்து போய்ப் பார்த்தார். வட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே, பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. குறி கொஞ்சம் ஏறியிருந்தது, அதைத் திருகித் திருத்திக்கொள்ளலாம். துப்பாக்கி மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஸ்டாண்டைக் கழற்றினார். அதே பாய், அதே குண்டு, புது அட்டை. இந்தத் தடவை இடது முழங்கையைத் தரையில் ஊன்றி அந்தக் கையில் துப்பாக்கியைத் தாங்கிச் சுட்டுப் பார்த்தார், கையை மாற்றியும் பார்த்தார். ஓட்டைகள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, மண்டபம் என்று பழையபடி சிதறின. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மண்மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மனசு விட்டுப்போயிற்று. நல்ல சாமானாகப் பார்த்து வாங்கியது தப்பு, அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கியிருந்தால் இன்னும் ஒரு மாதமாவது துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அபீதகுஜாம்பாள் காபியோடு கொல்லைக்கு வந்தாள். இரண்டு அட்டையையும் பார்த்தாள். அவளுக்கு அந்த ஓட்டைகளைப் படித்துச் சொல்ல யாரும் தேவையில்லை.

"கை ஆடறதுன்னு எனக்குப் பங்குனியிலயே தெரியும். காபிய ஏன் முக்கா டம்ளர் தரேன்னு நெனச்சேள்?"

பால் விலையைப் பற்றி இத்தனை மாதம் முணுமுணுத்தது எல்லாம் அவர் காதிலேயே திரும்பி ஒலித்தது. வியாழக்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று என்று சொன்னவள், பாயில் கிடந்த ஸ்டாண்டைக் குனிந்து எடுத்து, அதன் கால்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"துப்பாக்கிக்கு ரெண்டு கால் வேணும்னு தேடி அலைஞ்சேளே, தீபத்துக்கு ரெண்டு கை வேணும்னு ஒரு நாள் தோணித்தா? மணிய சிவகணேஷ்ட்ட கொடுங்கோ."

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, வயதோடு வரும் நடுக்கம்தான் என்று மாத்திரை கொடுத்தார். ஆவணி பிறந்தது. முறையின் முதல் நாள், பிரதோஷமும் சேர்ந்துகொண்டது. தீபம் கைக்கு வருமென்று சிவகணேஷ் அங்கவஸ்திரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். குருக்கள் மணியை அவனிடம் நீட்டினார்.

"மணி மட்டுமா அண்ணா?"

"மணி மட்டுந்தாண்டா. நன்னா அடி."

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுக்கு தீபத்தை இரண்டு கையாலும் பிடித்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பாயில் படுத்தபோது மூச்சை அடக்கியது போலவே அடக்கிக்கொண்டு உயர்த்தினார். சுடர்கள் நிமிர்ந்து நின்றன. சிவகணேஷ் மணியடிப்பதை ஒரு நொடி மறந்து பார்த்தான்.

விபூதி கொடுக்கும்போது வரிசையில் பச்சையம்மாள் வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. ஆத்தா ஆடுவதைக் காட்டுகிறேன் என்று ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தாள்.

"இன்னிக்கு ஆத்தா ஆடலியே சாமி."

"தெனமும் ஆடினா அவளுக்குக் கால் வலிக்காதா? இன்னிக்கு உக்காந்துண்டு நம்மளப் பாக்கறா."

அவள் அதையும் நம்பி, பின்னால் நின்ற வேன்காரர்களுக்குச் சொல்லத் திரும்பினாள். குருக்களுக்குத் தாம் சொன்னது பொய்யா மெய்யா என்று தெரியவில்லை, சந்தோஷமாக மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மேல்துண்டை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கோயில் செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது போலிருக்கிறது. அபீதகுஜாம்பாள் ஒன்றும் கேட்காமல் காபியைக் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை தளும்பியது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.