சீனியில்லாத கோலாவும் பச்சைக் கிரீம் சோடாவும்

பினாங்குக்கு வந்த முதல் வருடம், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் சீனியில்லாத கோலா கேட்டேன். கடைக்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மலாய் அரைகுறை. சீனி போடாத தேநீரை இங்கே ‘தே ஓ கொசோங்’ என்பார்கள் என்று கணவர் சொல்லித் தந்திருந்தார். அந்தத் துணிவில் “கோலா கொசோங்” என்றேன். அவர் என் மேடான வயிற்றையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கழுவித் துடைத்த வெறும் கோலாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து பணிவாகக் கையில் தந்தார். கொசோங் என்றால் வெறுமை என்றும் பொருளாம். நான் அந்தப் போத்தலோடு வெயிலில் நின்றேன்.

படத்தில் மட்டுமே பார்த்திருந்த துறைமுகக் கிளார்க் ஒருவருக்கு மனைவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். கர்ப்பத்தில் எதைத் தின்றாலும் வாந்தி. அதே கடையில் விற்ற ஓர் உள்ளூர்க் கம்பனியின் கிரீம் சோடா மட்டும் வயிற்றில் தங்கியது. எங்கள் ஊர்ச் சோடாவின் அதே வெளிறிய பச்சை, அதே வாசனை. கண்ணை மூடிக் குடித்தால், யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அக்காவும் நானும் ஒரே போத்தலில் இரண்டு ஸ்ட்ரோ போட்டு நிற்போம். குமிழிகள் மூக்கில் ஏறும். கண்டக்டரின் குரல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்கும். பிறகு கிளினிக்கில் ரத்தத்தில் சர்க்கரை என்றார்கள். “இனிப்பெல்லாம் நிப்பாட்டிடுங்க அக்கா, புள்ளைக்கு ஆகாது லா,” என்றாள் தாதி.

வீடு திரும்பும் வழியில்தான் அந்த வெறும் போத்தல் கிடைத்தது. அன்று மாலை கணவர் ஒரு டின்னோடு வந்தார். “டயட் கோலா. சீனி இல்ல. கடை கடையா ஏறி வாங்குனேன்.”

இனிப்பாகத் தொடங்கி, தகரத்தை நக்கியதுபோல முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எனக்கு என்ரை சோடாதான் வேணும்.”

அவர் முகம் வாடியது. “ஊருக்குப் போகணுமா?”

இல்லையென்று சொல்லத் தெரியாமல் இன்னும் அழுதேன். அவர் டின்னை வாங்கித் தானும் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார். “சகிக்கல லா! புள்ள பொறக்கட்டும், ஒரு பெட்டி சோடா வாங்கித் தரேன்.” அதன்பின் மாலைதோறும் ஒரு டின்னை இருவரும் பகிர்ந்தோம். பினாங்கிலேயே பிறந்த அவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை. அந்த பஸ் நிலையம் எப்படியிருக்கும் என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல வெளியே மழை வரும்.

மகள் பிறந்தாள், என் சர்க்கரையும் இறங்கியது. சோடா கேட்கப் போனபோது, “தாக் அடா,” என்று கையை விரித்தார் கடைக்காரர். இல்லையாம். பச்சையை யாரும் குடிப்பதில்லை, எல்லோருக்கும் கோலாதான் வேண்டும் என்று கம்பனி நிறுத்திவிட்டதாம். கணவர் ஃபெரியேறி அக்கரைக்குப் போய், சிம்பாங் அம்பாட் வரை கடைகளில் கேட்டுவிட்டு, தானே தப்புச் செய்தவர்போல வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சோடா மறந்துபோனது.

பல வருடங்களின் பின், மகளோடு கொழும்பு போனேன். போருக்குப் பயந்து அக்கா யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, அங்கே வெள்ளவத்தையில் குடியிருந்தாள். “உனக்கெண்டே வாங்கி வச்சனான், குடி,” என்று பச்சைக் கிரீம் சோடாவை ஊற்றித் தந்தாள்.

கண்ணை மூடினேன். தொண்டையெல்லாம் சீனி பூசியதுபோலத் திகட்டியது. பஸ் நிலையம் வரவில்லை. மழை மாலையும், வியர்த்த ஒரு டின்னும், அதைப் பிடித்திருந்த அவர் கையும் வந்தன. அந்தத் தகரக் கசப்புக்கு நாக்கு ஏங்கியது.

“எப்பிடியிருக்கு?”

“அதே ருசி, அக்கா.”

மகள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். “சூப்பர் லா பெரியம்மா! இன்னும் இருக்கா?”

“பாத்தியே, யாழ்ப்பாணத்து ரத்தம்!” அக்காவின் கண் கலங்கியது.

என் கிளாஸை மகள் பக்கம் நகர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே கடல். அது மேற்குக் கடல். யாழ்ப்பாணம் வலக்கைப் பக்கம், போகமுடியாத தூரத்தில் இருந்தது. பினாங்கு என் முதுகுக்குப் பின்னால். எந்தப் பக்கமும் திரும்பாமல், நேரே தெரிந்த வெறும் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தேன்.