கணினிக்குப் பதிலாக வைத்தது

கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவதால் வரும் நட்டத்தை என்னளவு அனுபவித்தவர்கள் குறைவு. ஒரு நிரல் ஓடவேண்டும் என்று ஒருமுறை உருகி உருகிக் கும்பிட்டேன். அது ஓடாமற்போனதற்கான காரணம் அப்போது என் மூக்கிலிருந்து ஒரு முழத்தில் இருந்தது.

இந்த வருடச் சரஸ்வதி பூசையன்று மனைவி சந்தனம் குழைத்தபடி வந்து, "உங்கடை லாப்டொப்பைத் தாங்கோ, கும்பத்தடியிலை வைக்க" என்றாள். "ஏலாது, மீட்டிங் இருக்கு" என்று சொல்லி ஒரு பழைய மவுசைக் கொடுத்தேன். கலைமகள் பொறுத்துக்கொள்வாள். சந்தன வாசம்தான் பொறுக்கவில்லை. லண்டன் பிளேஸ்டோவில் முன்பு நான் வேலை செய்த மளிகை வெயர்ஹவுசுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே உண்மையில் அடித்தது மிளகாய்த்தூள் வாசம். புதிதாக வருபவர்கள் வணக்கம் சொல்லுமுன் தும்முவார்கள். முதலாளி சிவம் அண்ணை சுவிசில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மழை பெய்தாலும் "சுவிசிலை இப்பிடிப் பெய்யாது" என்பார். பெற்றோல் ஸ்டேசனில் கல்லாவில் நின்ற எனக்கு, கதிரையில் இருந்து கணினி பார்க்கும் முதல் வேலையைத் தந்தவர் அவர்தான். படித்த படிப்புக்கு ஒரு கதிரையாவது கிடைத்ததே என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

தீபாவளிச் சரக்குப் போகிற நேரம். அந்த வருடச் சரஸ்வதி பூசையன்று காலை, பில் அடிக்கும் நிரலைத் திறந்தால் "எதிர்பாராத பிழை" என்று எழுதிவிட்டு மூடிக்கொண்டது. எதிர்பார்த்த பிழை என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்களா, தெரியாது. பில் இல்லாமல் வான் புறப்படாது. சாரதிமார் வான்களில் சாய்ந்து நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே சிகரெட் பிடித்தார்கள்.

பில் பகுதியைப் பார்த்தவர் அண்ணையின் மனைவி மலர் அக்கா. "அக்கா, கொம்பியூட்டரை ஆரும் தொட்டவையோ?" என்று கேட்டேன்.

"சரஸ்வதி பூசையும் அதுவுமா கொம்பியூட்டரை ஆர் தம்பி தொடுறது?"

அண்ணை சுருக்கமாக முடித்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை ஓடாட்டி உமக்கு முந்திக் கொம்பியூட்டர் பார்த்த பழைய ஆளைக் கூப்பிடுவன். நீர் உம்மடை பெற்றோல் ஸ்டேசனுக்குப் போம்."

கணினியை அணைத்துப் போட்டேன். நிரலை அழித்துத் திரும்ப ஏற்றினேன். பிழை அசையவில்லை. கடைசியில், ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் கருவியை ஓடவிட்டேன். 'இந்தக் கோப்பைத் திற', 'அதை வாசி', 'இது இருக்கிறதா பார்' என்று கல்யாண வீட்டுச் சமையற்காரரைப்போல நிரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் 'அப்படி ஒன்று இல்லை' என்றே பதில். நல்ல சுகமாக ஓடும் நிரலும் இல்லாததைப் பத்து இடத்தில் தேடித்தான் ஓடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இல்லை என்று வந்த ஒவ்வொன்றையும் உண்டாக்கிக் கொடுத்தேன். எழுத்துரு கேட்டது, கொடுத்தேன். மொழிக்கோப்புக் கேட்டது, கொடுத்தேன். எல்லாம் வாங்கிக்கொண்டு "எதிர்பாராத பிழை" என்றது. அலுமாரி மேல் அக்கா வைத்திருந்த கும்பத்தின் முன்னால் போய், கண்ணை இறுக்கி மூடி நான் கும்பிட்டது அப்போதுதான்.

மறுநாள் காலையில்தான் உறைத்தது: இதை நாவல்போல முதலிலிருந்து வாசிக்கக்கூடாது. பிழைச் செய்தியை எழுதிய வரியைப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போனேன். அதற்குச் சற்று மேலே, கணினியில் செருகியிருக்க வேண்டிய ஏதோ ஒரு கருவியை நிரல் கேட்டிருந்தது. இல்லை என்று பதில் வந்திருந்தது. அதன் பிறகு அது வேறு எதையுமே கேட்கவில்லை. கணினியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மிளகாய்த்தூள். ஒரு துளை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, இதிலை என்ன செருகியிருந்தது?"

"அதோ? கொம்பியூட்டரைத் தூக்கிக் கும்பத்தடியிலை வைக்கேலுமே, தம்பி? முந்தநாள் பின்னேரம் வேலை முடிய அதுக்குப் பதிலா அந்தச் சின்னச் சாமானை வச்சனான். சும்மாதானே நீட்டிக்கொண்டு நிண்டது."

கும்பத்தடியில், சந்தனமும் குங்குமமும் பூசி, பூ வைத்து, பெருவிரல் அளவில் டொங்கிள். நிரலின் உரிமம் அதற்குள்தான்; அது செருகியிருந்தால்தான் நிரல் திறக்கும். பழைய ஆள் அதைப்பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் கையை நீட்ட, அக்கா தட்டிவிட்டார். "விஜயதசமிப் பூசை முடியாமல் எடுக்கக்கூடாது!"

வெளியே வான்கள். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கதிரை, பூசை முடிந்து கொடுக்கும் கடலைச் சுண்டலுக்காகக் காத்திருந்தது. என்னை அனுப்பப் போவதாகச் சொன்ன அண்ணை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சுவிசில் எப்படி என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. கற்பூரம் அணைந்ததும், ஊசியால் குங்குமத்தைக் கிளறி எடுத்துவிட்டு டொங்கிளைச் செருகினேன். பில் அடித்தது. சாரதிமார் வாயில் சுண்டலோடு புறப்பட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் மாடிக்குடியிருப்பு எழுந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் தும்மல் வருவதில்லை. டொங்கிளும் போய்விட்டது. உரிமமெல்லாம் எங்கோ முகம் தெரியாத கணினியில் இருக்கிறது. இன்று ஒரு நிரல் மக்கர் பண்ணினால் திருப்பிப் பார்க்க அதற்கு ஒரு பின்பக்கம்கூட இல்லை.

போன மாதம் செவன் கிங்ஸில் ஒரு கல்யாண வீட்டில் மலர் அக்காவைக் கண்டேன். அன்றைக்கு நான் பின்னோக்கி வாசித்துக் கண்டுபிடித்த கதையை, கொஞ்சம் மெருகேற்றியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் பிறகும் ஒவ்வொரு வருசமும் அந்தச் சின்னச் சாமானைக் கும்பத்தடியிலை வச்சு எடுத்தனான், தம்பி. நீர் வேலையை விட்டிட்டுப் போனாப்பிறகு கொம்பியூட்டர் ஒருநாளும் பழுதாகேல்லை."